வலது கையில் எந்த விரல்? கம்பி மாறும் இடத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கிளாசிக்கல் கிட்டார் கற்கிறீர்கள். புத்தகத்தில் இடது கைக்கு ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எண் போட்டிருக்கிறார்கள், வலது கைக்கு அங்கொன்றும் இங்கொன்றும்தான். "சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் போடு" என்பதோடு ஆசிரியர் நிறுத்திக்கொள்கிறார். மெதுவாக வாசித்தால் வந்துவிடுகிறது. வேகம் கூட்டினால் எப்போதும் அதே இரண்டு இடங்களில் விரல் தடுமாறித் தட்டுகிறது. கூடவே, ஸ்பானிஷ் ரொமான்ஸ் என்ற பிரபலமான கிட்டார் துண்டை வாசித்தால் மோதிர விரலில் வரும் மெலடி அமுங்கிப் போகிறது. எந்தக் கம்பிக்கு எந்த விரல் என்று விதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பிக்கு ஒரு விரல் என்ற விதி ஆர்பெஜியோவில் (கார்டின் ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டாமல் ஒவ்வொன்றாக மீட்டுவது) ஓரளவு செல்லும், ஸ்கேலில் (ஸ்வரங்கள் வரிசையாக ஏறி இறங்குவது) செல்லாது. நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது, ஏன் எப்போதும் அதே இடத்தில் தட்டுகிறது என்பதைத்தான். அதற்குத் திட்டவட்டமான பதில் இருக்கிறது.

முதலில் பெயர்கள். ஸ்கோரில் (இசைக்குறிப்பில்) வலது கை விரல்களை பி, ஐ, எம், ஏ என்று குறிப்பார்கள். இங்கே அப்படி எழுதினால் ஏ, பி என்ற ஸ்வரங்களோடு குழம்பும். அதனால் கட்டை, சுட்டு, நடு, மோதிரம் என்றே எழுதுகிறேன். கம்பிகளில் மெல்லியது 1, தடித்தது 6.

கை கம்பிகளின் மேல் இயல்பாக நிற்கும்போது சுட்டுவிரல் தடித்த கம்பிப் பக்கமும் மோதிர விரல் மெல்லிய கம்பிப் பக்கமும் இருக்கும். இந்த அமைப்பிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கிறது. மூன்றாம் கம்பியில் சுட்டு, அடுத்து இரண்டாம் கம்பியில் நடு என்றால் விரல்கள் தாம் நிற்கும் இடத்திலேயே வேலை செய்கின்றன. மூன்றாம் கம்பியில் நடு, அடுத்து இரண்டாம் கம்பியில் சுட்டு என்றால் சுட்டுவிரல் நடுவிரலைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் போக வேண்டும். முதலாவதை நேர் மாற்றம் என்றும் இரண்டாவதைக் குறுக்கு மாற்றம் என்றும் வைத்துக்கொள்வோம். மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்கு வரும்போது கணக்கு திரும்பும்: நடுவில் விட்டு சுட்டில் பிடித்தால் நேர், சுட்டில் விட்டு நடுவில் பிடித்தால் குறுக்கு. மெதுவாக வாசிக்கும்போது குறுக்கு மாற்றத்தை மணிக்கட்டு சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். வேகத்தில் அதற்கு நேரம் இல்லை. நீங்கள் தட்டும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு குறுக்கு மாற்றம் இருக்கும், அல்லது இடது கை பொசிஷன் (கிட்டார் கழுத்தில் கை நிற்கும் இடம்) மாறும் அதே நொடியில் வலது கையும் கம்பி மாறும்.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. சுட்டு-நடு மட்டும் மாற்றி மாற்றி, மெல்லிய கம்பியை நோக்கி ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பிக்குள் நேர் மாற்றத்தில் நுழைந்தால் நடுவில் நுழைவீர்கள். நேர் மாற்றத்தில் வெளியேற வேண்டுமானால் சுட்டில் வெளியேற வேண்டும். ஆக, கடந்து போகும் கம்பியில் இரட்டைப்படை எண்ணிக்கையில் ஸ்வரங்கள் இருந்தால் சிக்கல் இல்லை, ஒற்றைப்படை என்றால் ஒரு பக்கம் இடிக்கும். ஏறிப்போய்த் திரும்பி இறங்கும் கம்பியில் இதற்கு நேர்மாறு: நடுவில் நுழைந்து நடுவில் வெளியேற வேண்டும், எனவே அங்கே ஒற்றைப்படை நல்லது. ஒரு கம்பிக்கு மூன்று ஸ்வரம் என்ற ஸ்கேல்கள் சுட்டு-நடுவில் ஏன் தொல்லை தருகின்றன என்பதும் இதில் புரியும். எந்த விரலில் தொடங்கினாலும் ஒரு மாற்றம் நேர், அடுத்தது குறுக்கு என்று மாறி மாறித்தான் வரும்.

கையில் பிடித்துப் பார்ப்போம். முதல் பொசிஷனில் சி மேஜர்: ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சி-யில் தொடங்கி முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட் ஜி வரை 12 ஸ்வரங்கள். ஐந்தாம் கம்பியில் 1 (சி), நான்காவதில் 3 (டி, இ, எஃப்), மூன்றாவதில் 2 (ஜி, ஏ), இரண்டாவதில் 3 (பி, சி, டி), முதலாவதில் 3 (இ, எஃப், ஜி). சுட்டில் தொடங்கி மாறாமல் மாற்றிக்கொண்டே போனால் நான்கு கம்பி மாற்றங்களில் முதலாவதும் கடைசியும் நேர், இடையில் உள்ள இரண்டும் குறுக்கு. நடுவிரலில் தொடங்கினால் அப்படியே தலைகீழ்: முதலாவதும் கடைசியும் குறுக்கு, இடையில் உள்ள இரண்டும் நேர். அதாவது 'எந்த விரலில் தொடங்குவது' என்ற கேள்விக்கு இங்கே நல்ல விடையே கிடையாது. எப்படித் தொடங்கினாலும் இரண்டு இடத்தில் தட்டும். நீங்கள் சொல்லும் 'அதே இரண்டு இடங்கள்' இவையாக இருக்கவும் கூடும்.

வெளியே வர மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, வேறொரு விரலைச் சேர்ப்பது. கீழ் சி-யைக் கட்டைவிரலுக்குக் கொடுங்கள். பிறகு நான்காம் கம்பியில் சுட்டு-நடு-சுட்டு, மூன்றாவதில் நடு-சுட்டு, இரண்டாவதில் நடு-சுட்டு-நடு, முதலாவதில் மோதிரம்-நடு-சுட்டு. நான்கு மாற்றங்களும் நேர், எந்த விரலும் அடுத்தடுத்து இரண்டு முறை வரவில்லை. இரண்டாவது வழி, ஸ்லர்: வலது கை மீட்டாமல் இடது கை விரலாலேயே அடுத்த ஸ்வரத்தை ஒலிக்கவைப்பது. இரண்டாம் கம்பியில் பி-யை நடுவிலும் சி-யைச் சுட்டிலும் மீட்டி, டி-யை இடது கையின் ஹாமர்-ஆனில் (விரலைக் கம்பியில் அடித்து வைத்து) எடுத்தால் வலது கைக்கு அந்தக் கம்பியில் இரண்டே மீட்டல்தான். முதல் கம்பிக்கு நடுவிரலில் போகலாம், மோதிர விரல் தேவையில்லை. ஆனால் ஸ்லர் போட்டால் சொற்றொடரின் அழுத்தம் மாறும். இசைக்குப் பொருந்தினால் மட்டும் போடுங்கள், வசதிக்காக மட்டும் போட்டால் காதில் தெரியும். மூன்றாவது வழி, ஒரே ஒரு ஸ்வரத்தைப் பக்கத்துக் கம்பிக்கு நகர்த்துவது. மாறாமல் மாற்றிக்கொண்டே வாசிக்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல் நிலையாக இருக்கும். கம்பி மாறும் இடத்தை ஒரு ஸ்வரம் தள்ளி வைத்தால் அந்த ஒரு குறுக்கு மாற்றம் மட்டும் நேராகும், மற்றவை அப்படியே இருக்கும். முதல் பொசிஷனில் இதற்கு இடது கையை நீட்ட வேண்டிவரும். ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே போனபின் இதுதான் பெரும்பாலும் சுலபமான வழி.

இன்னொன்று: நேர் மாற்றங்களால் ஆன விரல் வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் அதுவே இறங்குவதற்கான நல்ல வரிசை. மேலே சொன்னதைத் திருப்பினால் சுட்டு-நடு-மோதிரம், நடு-சுட்டு-நடு, சுட்டு-நடு, சுட்டு-நடு-சுட்டு, கட்டை. உச்சி ஜி-யை ஒரு முறை மட்டும் வாசித்துத் திரும்பினாலும் எந்த விரலும் இரட்டிக்காது. இறங்கும்போது மட்டும் கிடைக்கும் ஒரு சலுகையும் உண்டு. ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் முதல் கம்பியை மீட்டிய சுட்டுவிரல் இரண்டாம் கம்பியின் மேல் வந்து சாய்ந்து நிற்கும். அங்கிருந்து அப்படியே அதையும் மீட்டிவிடலாம். ஒரே விரல் இரண்டு முறை வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதில்லை என்பதால் செலவு குறைவு. ஏறும்போது இது நடக்காது.

ஒரே விரலை அடுத்தடுத்துப் போடுவது ஏன் கூடாது என்பதற்கு எண்களைப் பார்த்தால் போதும். மெட்ரோனோம் 120 (நிமிடத்துக்கு 120 பீட்), பீட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் வினாடிக்கு எட்டு. இரண்டு விரல்கள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் கால் வினாடி இடைவெளி கிடைக்கிறது. ஒரு விரல் இரட்டித்தால் அந்த ஒரு இடத்தில் அதற்கு அரைக்கால் வினாடிதான். ஓடிக்கொண்டே இருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் நொண்டியடிப்பதுபோல. அதே 60-ல், பீட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்றால் இரட்டித்தாலும் அரை வினாடி இருக்கிறது, பிரச்சினையே இல்லை. எனவே மெதுவான மெலடியில் 'மாற்றியே தீர வேண்டும்' என்று அடம்பிடிக்க வேண்டாம். ஒரு வரி முழுவதையும் நடுவிரலிலோ மோதிர விரலிலோ மட்டும் வாசித்தால் நாதம் ஒரே நிறத்தில் வரும். பல நல்ல வாசிப்பாளர்கள் தெரிந்தே அப்படிச் செய்கிறார்கள். தெரியாமல் இரட்டிப்பதுதான் கெடுதல். அது பெரும்பாலும் ஸ்லருக்குப் பிறகும், சின்ன இடைவெளிக்குப் பிறகும், ஒரு கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) மீட்டி முடித்த உடனேயும் நடக்கும். சுட்டுவிரல் அங்கெல்லாம் கேட்காமலேயே முந்திக்கொள்ளும்.

இனி ஒரு பகுதிக்கு விரல் தேர்ந்தெடுக்கும் வரிசை. இடது கையை முதலில் முடித்துவிடுங்கள். எந்த ஸ்வரம் எந்தக் கம்பியில் என்பது தீராமல் வலது கைக்கு விரல் போடுவது வீண். இடது கை ஒரு முறை மாறினால் வலது கைக் கணக்கு முழுவதும் கலையும். அடுத்து, தேர்வுக்கே இடமில்லாத இடங்களைக் குறியுங்கள்: பாஸும் மெலடியும் சேர்ந்து விழும் இடம், கார்ட், ஆர்பெஜியோவின் தொடக்கம். பிறகு அந்த இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முன்னிருந்து போட்டுக்கொண்டு வருவதுதான் கற்பவர்கள் செய்யும் தவறு. முதல் ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பது கடைசியில் தானாக வந்து விழ வேண்டிய விடை. உதாரணமாக, ஒரு ஓட்டம் ஓடிவந்து அடுத்த பாரின் (தாளப் பகுதியின்) முதல் பீட்டில் பாஸ் ஒன்றும் 2, 1 கம்பிகளில் இரண்டு ஸ்வரங்களும் சேர்ந்த கார்டில் விழுகிறது. கார்டைக் கட்டை-நடு-மோதிரம் என்று எடுத்தால் சுட்டு விடுதலை. ஆகவே ஓட்டத்தின் கடைசி ஸ்வரம் சுட்டு, அதற்கு முந்தையது நடு, அதற்கும் முந்தையது சுட்டு. இப்படியே பின்னால் போய்க்கொண்டிருங்கள். வழியில் குறுக்கு மாற்றம் எதிர்ப்பட்டால் மேலே சொன்ன மூன்று வழிகளில் ஒன்று. நான்கு விரலும் வேண்டிய கார்ட் என்றால் விடுதலை விரலே இல்லை. அங்கே ஓட்டத்தின் கடைசி ஸ்வரத்தை ஸ்லரில் எடுத்தால் வலது கைக்கு ஒரு மூச்சு கிடைக்கும்.

ஆர்பெஜியோவில் கதை வேறு. கட்டைக்கு 6, 5, 4, சுட்டுக்கு 3, நடுவுக்கு 2, மோதிரத்துக்கு 1 என்பது அடிப்படை நிலை. மேல் ஸ்வரங்கள் 4, 3, 2 கம்பிகளில் வந்தால் சுட்டு-நடு-மோதிரத்தை மொத்தமாக ஒரு கம்பி நகர்த்துங்கள். விரல்களை மட்டும் நீட்டாதீர்கள். பிரிட்ஜ் அருகே முதல் கம்பிக்கும் ஆறாவதுக்கும் நடுவே சுமார் 58 மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக் கம்பிக்கு ஏறக்குறைய 11 அல்லது 12. அந்த நகர்வு முழங்கையிலிருந்து வர வேண்டும், விரல் நுனியிலிருந்து அல்ல. விரல் நீண்டால் நகம் கம்பியைத் தொடும் கோணம் மாறும், நாதம் மெலியும். அடிப்படை நிலை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸின் முதல் எட்யூட் (பயிற்சித் துண்டு) நல்ல சாட்சி. 16 மீட்டல்கள் கொண்ட சுற்றில் மோதிரம் முதல் கம்பியை விட்டும் நடு இரண்டாம் கம்பியை விட்டும் அசைவதில்லை. சுட்டு மட்டும் 3-க்கும் 4-க்கும் போய்வருகிறது. கட்டை பாஸ் கம்பிகளில் நடக்கிறது. இந்த மாதிரிகளைக் கையில் ஏற்றிக்கொள்ள 1812-ல் வியன்னாவில் வெளியான, கிட்டார் இசைஞர் ஜூலியானியின் ஓபஸ் 1 என்ற பயிற்சி நூலை மிஞ்ச இன்றும் ஒன்றும் வரவில்லை என்பது என் கருத்து. அதன் முதல் பகுதியில் 120 வலது கைப் பயிற்சிகள், இடது கைக்கு இரண்டே கார்ட்கள். முழுவதையும் வரிசையாகச் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் வாசிக்கும் துண்டில் வரும் மாதிரி எது என்று பார்த்து அதைத் தேடி எடுங்கள்.

ரொமான்ஸுக்கு வருவோம். ஒவ்வொரு மும்மைக்கும் (மூன்று ஸ்வரத் தொகுதிக்கும்) மோதிரம்-நடு-சுட்டு, கம்பிகள் 1-2-3. பாரின் தொடக்கத்தில் ஆறாம் கம்பியில் கட்டை. இந்த வரிசையை மாற்ற வேண்டிய தேவை இல்லை. எல்லா மாற்றமும் நேர்தான். அமுங்குவதற்குக் காரணம் வேறு. மோதிர விரலின் நீட்டும் தசைநாண் நடுவிரலின் நாணோடு புறங்கையில் குறுக்கு இழைகளால் பிணைந்திருக்கிறது. அது தனித்து இயங்கச் சிரமப்படும் விரல். அந்த விரல் தலையில் போய் மெலடி முழுவதும் விழுகிறது. முதல் வாரம் மெலடியை மட்டும், பி பி பி, பி ஏ ஜி, ஜி எஃப் ஷார்ப் இ என்று, மோதிர விரலால் ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வாசியுங்கள். பிறகு கட்டையும் மோதிரமும் சேர்ந்து. இரண்டையும் ஒரே நேரத்தில் கிள்ளும்போது கை மேலே துள்ளாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதன் பிறகுதான் நடுவும் சுட்டும், மெலடியில் பாதிச் சத்தத்துக்கு மேல் போகாமல். மோதிரத்தைப் பலமாக்குவதைவிட மற்ற இரண்டையும் அடக்குவது சீக்கிரம் பலன் தரும். ஒரு எச்சரிக்கை: அடுத்த மும்மைக்காக மோதிர விரலை முன்கூட்டியே முதல் கம்பியில் வைத்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் மெலடி அறுந்துபோகும். மீட்டும் நொடிக்குச் சற்று முன்புதான் தொட வேண்டும். முழுத் துண்டிலும் மோதிரத்தை ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் போடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விரல் இரண்டாம் கம்பியில் சாய்வதால் அந்தக் கம்பியின் ஒலி ஒரு கணம் நிற்கும். அது உங்கள் காதை உறுத்தாவிட்டால் போடலாம்.

கட்டைவிரலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதற்கு மீட்டுவது பாதி வேலை, ஒலியை நிறுத்துவது மீதி. ஓப்பன் (இடது கை அழுத்தாத) ஐந்தாம் கம்பி ஏ ஒலிக்கும்போது பாஸ் ஆறாம் கம்பி இ-க்குப் போனால், கட்டை ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஆறை மீட்டி ஐந்தில் சாயும், ஏ தானாக நிற்கும். எதிர்த்திசையில் இது நடக்காது. இ-யிலிருந்து ஏ-க்குப் போனபின் கட்டையின் மேற்பக்கத்தால் ஆறாம் கம்பியைத் தொட்டு நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் கட்டைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் இரண்டு பாஸும் கலந்து சேறாகும். ஆகவே கட்டைக்கு மெலடி ஸ்வரம் ஒன்றைக் கடன் கொடுக்கும் முன், அங்கே நிறுத்த வேண்டிய பாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் கம்பிகளில் வேகமான ஓட்டம் வந்தால் கட்டை-சுட்டு மாற்றமும் நல்ல வழி. பதினாறாம் நூற்றாண்டு லூட் (கிட்டார் போன்ற பழைய தந்தி வாத்தியம்) வாசிப்பில் அதுதான் வழக்கம், அழுத்த பீட்டில் கட்டை, அழுத்தமில்லாத பீட்டில் சுட்டு. டேப்லேச்சரில் (எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று காட்டும் குறியீட்டில்) சுட்டுவிரலுக்கு ஒரு புள்ளி வைத்தார்கள். ஆங்கில லூட் இசைஞர் டௌலண்ட் போன்றோரின் துண்டுகளை கிட்டாரில் வாசிக்கும்போது இதைப் போட்டுப் பார்த்தால் அழுத்தங்கள் தாமாகச் சரியான இடத்தில் விழும்.

இதுவரை சொன்னதில் கம்பி மாற்றக் கணக்கும், விரல் இரட்டிப்பின் செலவும், ரெஸ்ட் ஸ்ட்ரோக் பக்கத்துக் கம்பியை நிறுத்தும் என்பதும் உறுதியானவை. யாருடைய கையிலும் இவை மாறா. இனி சொல்வது அப்படி அல்ல. குறுக்கு மாற்றத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டுமா? பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் பழகிய கை அதை நல்ல வேகத்திலும் செய்துவிடுகிறது. சிலர் அதைத் தனியே பயிற்சி செய்து, விரல் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். ஒரு கம்பியைத் தாண்டி, 3-லிருந்து 1-க்குப் போகும்போது மட்டும் நான் விடாப்பிடியாக நேர் மாற்றமே கேட்பேன். மூன்று விரல் ஸ்கேலும் இப்படித்தான். கம்பிக்கு மூன்று ஸ்வரம் என்றால் ஏறும்போது மோதிரம்-நடு-சுட்டு, இறங்கும்போது சுட்டு-நடு-மோதிரம் என்று எல்லா மாற்றங்களும் நேராக வரும். காகிதத்தில் இதைவிட அழகான தீர்வு இல்லை. ஸ்பானிய கிட்டார் கலைஞர் நார்சிசோ யெபெஸ் இதற்குப் பெயர் பெற்றவர். ஆனால் மூன்று விரலின் நாதத்தையும் கால அளவையும் சமமாக்க மாதக்கணக்கில் வேலை இருக்கிறது, நான்கு நான்காக வரும் ஸ்வரங்களில் அழுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முதலிரண்டு ஆண்டுகளில் இதில் இறங்காதீர்கள் என்பேன், மறுப்பவர்களும் உண்டு. இரண்டே விரல் என்றால் சுட்டு-நடு முதலில், அடுத்து சுட்டு-மோதிரம். நடு-மோதிரம் கடைசி, காரணம் மேலே சொன்ன நாண் பிணைப்பு.

அச்சிட்ட விரல் குறிகளை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அவை பதிப்பாசிரியருடைய கைக்குப் பொருந்தியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியான முதல் பதிப்புகளில் வலது கைக் குறிகள் மிகக் குறைவு. 1830-ல் தன் கிட்டார் பாடநூலை வெளியிட்ட ஃபெர்னாண்டோ சோர் பொதுவாகக் கட்டை, சுட்டு, நடு மூன்றையே நம்பினார், மோதிரத்தைப் பெரிய கார்ட்களுக்கு ஒதுக்கினார், நகமும் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய நண்பரும் கிட்டார் கலைஞருமான அகுவாடோ நகத்தால் மீட்டினார். சோரின் துண்டில் ஒரு இடம் எப்படிப் போட்டாலும் மடங்கவில்லை என்றால் மோதிரத்தை மறந்துவிட்டு, கட்டையை மூன்றாம் கம்பி வரை இறக்கிப் பாருங்கள். பல இடங்கள் அப்படித் திறந்துகொள்ளும்.

முடிவு செய்த விரல்களைச் சோதிக்கும் விதம். இடது கையைக் கிட்டாரிலிருந்து எடுத்துவிட்டு, அதே கம்பி வரிசையை ஓப்பன் கம்பிகளில் வலது கையால் மட்டும் வாசியுங்கள். கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் தட்டும் இடம் ஒளிய முடியாது. பிறகு கம்பி மாறும் இடத்தைச் சுற்றி நான்கே நான்கு ஸ்வரங்களை, மாற்றத்துக்கு முன் இரண்டு, பின் இரண்டு, கடைசியில் வாசிக்கப்போகும் வேகத்திலேயே போட்டுப் பாருங்கள். மெதுவாகச் சோதிப்பதில் பயனில்லை. 60-ல் எந்த விரலும் சரியாகத்தான் தெரியும். அந்த நான்கு ஸ்வரம் பத்து முறையில் எட்டு முறையாவது சுத்தமாக வந்தால் அந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பயிற்சியைக் கூட்டும் முன் விரலை மாற்றுங்கள். ஸ்கோரில் எல்லாவற்றையும் எழுதாதீர்கள். கம்பி மாறும் இடம், கார்டுக்கு அடுத்த ஸ்வரம், ஸ்லருக்கு அடுத்த ஸ்வரம், வழக்கம் முறியும் இடம், இவ்வளவு போதும். பென்சிலில்தான் எழுத வேண்டும். எழுதியபின் இரண்டு வாரமாவது மாற்றக் கூடாது. தினம் ஒரு விரலில் வாசித்தால் கைக்கு எதுவும் நினைவில் நிற்காது.

கையைப் பார்க்காமல் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. சுட்டுவிரலும் மோதிர விரலும் எவ்வளவு நீள வித்தியாசம், மணிக்கட்டு எந்தச் சாய்வில் நிற்கிறது, நகம் எந்த வடிவம் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு உறுத்தும் மாற்றம் இன்னொருவருக்கு உறுத்தாது. உங்கள் வலது கையை மேலிருந்து முப்பது வினாடி வீடியோ எடுத்து, தட்டும் பாரின் எண்ணோடு போட்டால் குறிப்பாகச் சொல்லலாம். இங்கே சொன்னவற்றை ஃப்ளமென்கோ கிட்டாரின் வேக ஓட்டமான பிகாதோவுக்கு அப்படியே பொருத்த வேண்டாம், அதன் பயிற்சி முறையே வேறு. எந்த வரிசையைப் போட்டாலும் ஒரே விரல் உங்களைக் கேட்காமல் உள்ளே மடங்கினாலோ, வாசித்து முடித்தபின் முன்கையில் வலி தங்கினாலோ அது விரல் தேர்வுச் சிக்கல் அல்ல. வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், முடிந்தால் நரம்பியல் மருத்துவரிடம்.